அவிய வண்டிச் சத்தம்

அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாப் போயி அவுந்து கெடந்த முடிய ஒதுக்கிச்சு. டுவீக்னு ஒரே ஒரு சத்தம். வண்டியப் பூட்டுத சத்தம். அவிய வீட்டுக்கு வந்துட்டாவன்னு அர்த்தம். டிவிய அமத்தணும், ஹால்ல செதறிக் கெடக்க பேப்பரை மடிக்கணும், அடுப்புல பால ஏத்தணும், ஏட்டி அப்பா வந்தாச்சு போனத் தூரப் போடுன்னு மகள்ட்ட சொல்லணும், இத்தனையும் ஒரு நொடியில மனசுக்குள்ள ஓடி, பாதி எந்திரிக்கப் போயி, அப்புறந்தான் கண்ணு எதுத்தாப்ல இருக்க ஐஸ் பெட்டியில விழுந்துது. உள்ள அவிய படுத்திருக்காவ. மூக்குல பஞ்சு, நெத்தி நெறய திருநாறு, கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கு. நேத்து சாயங்காலத்துல இருந்து இப்படித்தான் படுத்திருக்காவ. பெறகு வண்டியப் பூட்டுனது யாரு. என் தோள்ல கல்லிடைக்குறிச்சிச் சித்தி விழுந்து அழுதுக்கிட்டு இருக்கா. அவ வந்து என்னக் கட்டிப்புடிச்ச நேரத்துலதான் சத்தம் வந்துது. வேற யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. வெளிய நாற்காலி இழுக்காங்க, காப்பி டம்ளர் கிணுங்குது, கொட்டுக்காரங்க தோலக் காய வைக்காங்க, அத்தனைக்கும் நடுவுல அது எனக்கு மட்டும் கேட்டிருக்கு. முப்பது வருசமாக் கேட்ட காதுல்லா. மொதல்ல ஸ்கூட்டர் ஆரன், அப்புறம் பழைய வண்டியோட கதவச் சாத்துத சத்தம், இப்ப இந்த டுவீக். எதுல வந்தாலும் என் கை தானா முடிய ஒதுக்கிரும். செத்துக் கெடக்க மனுசன் கண்ணு முன்ன இருக்கயில, அவிய வாசல்ல வந்து எறங்குனா எப்படி இருக்கும், அப்படி இருந்துது எனக்கு.

வண்டிக்குள்ள சியாமளா இருக்கா. அதச் சொல்லணும்லா, அதாலதான் இந்தப் பயம். ஒத்தை மக. நாலு வருசத்துக்கு முன்ன, கூட வேலை பாத்த பையனத் தானாப் பேசி முடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனா. நல்ல பையன்தான், அது யாருக்கு வேணும் இந்த வீட்டுல. அன்னைக்கு இதே ஹால்ல நின்னு, நான் செத்தாலும் அவ என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு அவிய சொன்னாவ. சொன்னது கோவத்துல. ஆனா பக்கத்துல நின்னு கேட்டது அவிய அண்ணன் பிரமநாயகம், என் மூத்தார். அவரு கேட்டா கல்லுல வெட்டுனதுதான். நேத்து உசுரு போனதும் அவரு வாயில வந்த மொத வார்த்தையே, பகவதி, தம்பி சொல்லுக்கு மேல இங்க ஒண்ணும் நடக்கக் கூடாது, அந்தப் பிள்ளை வந்துதுன்னா நான் எடுக்க விடமாட்டேன். சரிங்க அத்தான்னு தலைய ஆட்டிட்டு, பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தொறந்து விட்டுட்டு அவளுக்குப் போன் போட்டேன். சொல்லாம இருப்பேனா, பெத்த வயிறு கேக்குமா. கோயமுத்தூர்ல பஸ் ஏறி வந்து காலையில தெருமுக்குல நிக்கா. பக்கத்து வீட்டு லூர்து டீச்சர்தான் கை குடுத்தா. பந்தல் போடணும்னு போர்ட்டிகோவுல நின்ன வண்டிய அவதான் எடுத்து எதுத்த காலி மனையில விட்டா. விட்ட கையோட சியாமளாவப் பின்சீட்டுல குனிஞ்சு உக்கார வச்சு, வெயிலுக்கு மாட்டுத கறுப்பு வலைய எல்லாக் கண்ணாடியிலயும் மாட்டிட்டு, சாவிய என் கையில திணிச்சுட்டுப் போயிட்டா. நான் அத வாங்கி பீரோ சாவி செருகுத எடத்துலயே செருகிட்டு வந்து உக்காந்தேன். ஆம்பிளைய எல்லாரும் நீர்மாலைக்குப் போவாங்க, குளிப்பாட்டத் தண்ணி எடுக்கக் கொட்டும் சங்குமா வாய்க்காலுக்கு. அந்த நேரம் வீட்டுல பொம்பளைய மட்டுந்தான். டீச்சர் அப்ப பின்வாசல் வழியா அவள உள்ள கூட்டிட்டு வரணும், அப்பன் மூஞ்சிய ஒரு தடவ அவ பாத்துரணும். அவ்வளவுதான் நான் ஆசப்பட்டது. அதுக்குப் பெறகு என்னத்தப் பாக்க, சாம்பலையா.

மறுபடி டுவீக் டுவீக். ரெண்டு சத்தம், தொறக்குத சத்தம். இப்ப என்னக் கட்டிக்கிட்டு இருந்தது அம்பாசமுத்திரத்து மதினி மருமவ, பேரு ஞாபகம் வரல, ஐயோ பெரிய மாமா போயிட்டியளேன்னு அவ என் நெஞ்சுல முட்டிக்கிட்டு அழுவுதா, நான் அவ தலைக்கு மேல பெட்டியப் பாக்கேன். கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு, அவிய மொகம் கலங்கலாத் தெரியுது, உதடு ஒரு பக்கம் லேசா இழுத்திருக்கு. உயிரோட இருக்கயிலயும் அப்படித்தான் இழுப்பாவ, நான் ஏதோ மறைக்கேன்னு தெரிஞ்சுட்டா. பூட்டுதாவ, தொறக்காவ. பூட்டுதாவ, தொறக்காவ. இது அவிய பழக்கம்லா. பூட்டுனோமா பூட்டலியான்னு ஒரு சந்தேகம் அவியளுக்குத் தீரவே தீராது. கோயில் வரிசையில நின்னுக்கிட்டு ஒரு அமுக்கு, சாப்பாட்டுப் பந்தியில உக்காந்துக்கிட்டு ஒரு அமுக்கு, கட்டில்ல படுத்துக்கிட்டே சன்னல் வழியா ஒரு அமுக்கு. வண்டி சத்தம் குடுத்தாத்தான் கண்ண மூடுவாவ. என்னையும் அப்படித்தான், பகவதின்னு கூப்பிடுவாவ, என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாவ. நான் இருக்கேனான்னு பாத்துக்கிடுதது. ஒருக்க சங்கரங்கோயில்ல, அவிய பைக்குள்ள எது அமுங்கிச்சோ, வண்டி ஓலம் வச்சுக் கத்த ஆரம்பிச்சுது. நிறுத்தத் தெரியல. எல்லாப் பொத்தானையும் அமுக்குதாவ, டிக்கி தொறக்குது, லைட்டு எரியுது, கத்துதது மட்டும் நிக்கல. சனம் பூராக் கூடி வேடிக்க பாக்கு. நானும் சியாமளாவும் முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு சிரிச்சோம், கண்ணுல தண்ணி வர சிரிச்சோம். அவிய பாத்துட்டாவ. வீடு வந்து சேந்த பெறகு, நீதான் எதையோ தொட்டிருக்கன்னாவ. சாவி அவிய பையில இருந்துது, நான் எதத் தொட. ஆனா ஆமான்னு சொல்லிட்டேன். ஆமான்னு சொன்னாப் பிரச்சினை தீந்துரும்னா அதச் சொல்லிட்டுப் போயிருவேன் நான், அந்த விசயத்துல எனக்கு ஈடு கிடையாது.

அவியளுக்குத் தெரிஞ்சுட்டுன்னுதான் நெனச்சேன். வண்டிக்குள்ள மக இருக்கான்னு அவியளுக்கு யாரும் சொல்லவேண்டாம், தெரியும். என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாவ. வெயில் ஏறிட்டு. பங்குனி வெயில், கண்ணாடி ஏத்தி வச்ச வண்டி, உள்ள வெந்துருவாளே பிள்ளை. தண்ணி பாட்டில் குடுத்தாளா டீச்சர். அவ போன் பண்ணியிருப்பா, என் போனு யாரு கையில இருக்கோ. வாசல்ல இருந்து பாத்தா பந்தல் காலுக்கு நடுவுல வண்டியோட பின்பக்கம் மட்டும் தெரியும், வெள்ளையா, வெயில்ல கண்ணு கூசுத மாரி. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். யாரும் என்னத் தொடல அப்ப. காப்பி குடிக்கியா பகவதின்னு யாரோ கேட்டாங்க, வேண்டாம்னு தலைய ஆட்டுனேன், முழங்கால மடக்கி நாடிய அதுல வச்சு உக்காந்திருந்தேன். டிக்கி தொறந்துது. சும்மா, தானா, மெள்ள மேல எந்திரிச்சு நின்னுது. உள்ள அவிய கோயிலுக்குக் கொண்டு போற மடக்கு நாற்காலி இருந்துது. எதையோ தேடுதாவ. பின்னால பாத்தாச்சு, அடுத்தாப்ல பின்சீட்டு. எங்க அம்மா செத்தன்னைக்குக்கூட நான் இப்படிப் பயப்படல.

மூத்தாரும் பாத்துட்டாரு. பந்தல்ல உக்காந்திருந்தவரு எந்திரிச்சு, யாருல அங்க கார்கிட்டன்னு அதட்டுனாரு. யாருமில்ல அண்ணாச்சி, தானாத் தொறந்துக்கிட்டுன்னு ஒருத்தன் ஓடிப்போயி டிக்கிய அமுக்கிச் சாத்துனான். நல்லவேளை, வலைக்குள்ள எட்டிப் பாக்காமத் திரும்பி வந்துட்டான். மூத்தார் உள்ள வந்தாரு. அவரு மொகம் நல்லா இல்ல. பெட்டிய ஒரு பார்வை பாத்தாரு, என்ன ஒரு பார்வை பாத்தாரு. வண்டிச் சாவி எங்கம்மா இருக்குன்னு கேட்டாரு. அவியட்டதான் இருக்கும் அத்தான்னு சொன்னேன். யோசிச்சு ஒண்ணும் சொல்லல, பழக்கம். இந்த வீட்டுல எந்தச் சாவி எங்கன்னு யாரு கேட்டாலும் நான் சொல்லுதது அதுதான். பீரோ சாவியத் தவிர ஒண்ணு என் கைக்கு வந்தது கிடையாது. துண்ட எடுத்து வாயத் தொடச்சுக்கிட்டு, பெட்டியவே பாத்துக்கிட்டு முதுகு காட்டாமப் பின்னாலயே நடந்து வெளிய போனாரு. பின்னால நடந்து போனதத்தான் நான் கவனிச்சேன்.

அப்புறம் லூர்து டீச்சர் வந்தா. என்னக் குனிஞ்சு கட்டிக்கிடுத மாதிரி, காதுல, பாப்பா நல்லாருக்கா, பயந்துட்டா, கதவு அதுவாப் பூட்டிப் பூட்டித் தொறக்குன்னு அழுவுதா, அப்பாவான்னு கேக்கா பகவதின்னா. சொல்லயிலயே டுவீக். டீச்சர் ஒடம்பு என் மேல அழுத்தயில இடுப்புல எதோ எலும்புல போயி நறுக்குனு குத்துச்சு. கைய விட்டுத் தடவிப் பாத்தேன். சாவி. கறுப்பா, கொழுக்கட்டை மாரி, பொத்தான் மேல பாத்து இருக்க மாரி நான் செருகி வச்சிருக்கேன். கட்டி அழுத ஒவ்வொருத்தியும் அத அமுக்கியிருக்கா. நான்தான். பூட்டுனதும் நான்தான் தொறந்ததும் நான்தான். சாவு வீட்டுல பக்குனு எனக்குச் சிரிப்பு வந்துட்டு, அத அழுகையா மாத்துததுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு. உடனே மனசு வெறிச்சுன்னு ஆயிட்டு. அப்ப அவிய வரல. அவியளுக்குத் தெரியல. பெட்டிக்குள்ள படுத்திருக்க மனுசனுக்கு ஒண்ணுமே தெரியல. இத்தனை நேரம் பயந்தது பூராவும் யாருக்குன்னு இருந்துது. டிக்கி தொறந்தப்ப என்ன யாருமே கட்டியிருக்கலியேன்னு ஒரு ஓரத்துல ஒரு நெனப்பு ஓடிச்சு. முழங்கால மடக்கி உக்காந்தேன்லா, வயித்து மடிப்புல அமுங்கியிருக்கும். டிக்கிப் பொத்தான ரொம்ப நேரம் அமுக்குனாத்தான் அது தொறக்கும்னு அவிய சொல்லியிருக்காவ. அப்ப நான் ரொம்ப நேரம் அமுக்கியிருப்பேன். இருக்கும். வேற என்ன.

அதுக்குப் பெறகு யாரு வந்தாலும் நான் தள்ளித்தான் நிப்பாட்டுனேன். சாவிய வெளிய எடுக்க வழியில்ல, ஆளு கண்ணு பூரா என் மேல, எடுத்தா மூத்தார் கைக்குத்தான் போகும். எங்கிட்டாவது திருப்பிச் செருகலாம்னா சேலையத் தூக்க முடியுமா இந்தக் கூட்டத்துல. ஒவ்வொருத்தியாக் கைய விரிச்சுக்கிட்டு வாராளுவ, நான் ரெண்டு கையாலயும் அவ தோளப் புடிச்சுத் தள்ளி வச்சே அழுவுதேன். பாவம் மூளையே கலங்கிட்டு அவளுக்குன்னு பேசிக்கிட்டாளுவ. பேசட்டும். கொட்டு எழும்புச்சு. நீர்மாலைக்குக் கெளம்புதாங்க. கொடத்துக்குத் திருநாறு பூசி, பூ சுத்தி, ஆம்பிளைய ஒவ்வொருத்தராத் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வரிசைக்குப் போனாங்க. நான் டீச்சரப் பாத்தேன், அவ பின்வாசலப் பாத்தா. அப்பந்தான் மூத்தார் நாற்காலிய இழுத்து, வாசப்படிக்கு நேரா, வண்டியப் பாத்த மாதிரி போட்டு உக்காந்தாரு. பெரியவரு நீங்க வரலியான்னாங்க. முட்டி முடியலடே, நீங்க போயிட்டு வாங்க, நான் தம்பிகிட்ட இருக்கேன்னாரு. அங்க இருந்து பாத்தா காலி மனை தெரியும், பின்சந்து தெரியும். ஒரு பூனை போனாலும் தெரியும். டீச்சர் உதட்டப் பிதுக்குனா. முடிஞ்சுது. தண்ணி வந்துட்டா குளிப்பாட்டு, வாய்க்கரிசி, தூக்கிருவாங்க. மக அந்தச் சூட்டுல குனிஞ்சு கெடந்து, கொட்டுச் சத்தத்த மட்டும் கேட்டுட்டு, அப்பன் போறது தெரியாமலே ஊருக்குத் திரும்பிப் போவா. பெறகு என் கூட அவ எப்படிப் பேசுவா. நான் எப்படிச் சோறு திம்பேன்.

அந்நேரம் பாத்து ஆவுடை மைனி உள்ள நுழைஞ்சா. அவிய அக்கா. தென்காசியில இருந்து வார வரைக்கும் கார்லயே அழுதுருப்பா போல, கண்ணு வீங்கியிருக்கு. என் மகளப் பத்தி ஊரு பூராப் பேசுன வாயி. வளத்த லெச்சணம்னு என் மூஞ்சிக்கு நேரச் சொன்ன வாயி. பெரிய ஒடம்பு, கையி ரெண்டும் தூணு மாதிரி. பாதகத்தி, எந் தம்பியப் பறிகுடுத்துட்டியேட்டின்னு கைய விரிச்சுக்கிட்டு வாரா. தள்ளத்தான் கையத் தூக்குனேன். தூக்குன கைய அப்படியே வச்சுக்கிட்டு அவளப் பாத்தேன். அவளுக்குப் பின்னால வாசல், வாசல்ல மூத்தார் முதுகு, அதுக்கு அங்கிட்டு வெள்ளையா வண்டி. கதவு தொறக்குத பொத்தான ரொம்ப நேரம் அமுக்குனா கண்ணாடி அத்தனையும் தானா எறங்கும், அதும் அவிய சொன்னதுதான், ஒரு மழை நேரம் அப்படி எறங்கி சீட்டெல்லாம் நனைஞ்சு, அதுக்கும் நான்தான் காரணமாப் போனேன். பின்னால நடந்து போனவரு மூத்தார். அவருக்குள்ள ஒரு பயம் விழுந்திருக்கு. அந்தப் பயம் எனக்குத் தெரிஞ்ச பயம், இந்த மூணு மணி நேரமா எனக்குள்ள இருந்த அதே பயம். மைனி, வாங்க மைனின்னு நானே போயி அவளக் கட்டிக்கிட்டேன். இறுக்கி. இடுப்போட இடுப்பா. அவ ஆடி ஆடி ஒப்பாரி வைக்கா, தம்பி நடந்த பாதையென்ன, தம்பி வளத்த செடியென்னன்னு, நான் அவள ஆடவிடாம அழுத்திப் புடிச்சிருக்கேன். எலும்புல சாவி புதையுது. வலி உயிரு போகுது. விடல. முப்பது வருசத்துல நான் யாரையும் அப்படிக் கட்டிப் புடிச்சதில்ல, அவியளையும் சேத்து. கொட்டுச் சத்தம் தெரு தாண்டிப் போயிட்டு. டுவீக் டுவீக்குன்னுது. மைனி தோளுக்கு மேல பாக்கேன், கண்ணாடி எறங்குது. நாலும் ஒண்ணு போல, மெதுவா. கறுப்பு வலை மடிஞ்சு மடிஞ்சு விழுது. உள்ள பின்சீட்டுல என் மக, வேர்த்து, முடி நெத்தியில ஒட்டி, வாயத் தொறந்து காத்த இழுக்கா.

மூத்தார் எந்திரிச்சாரு. நாற்காலி சாஞ்சு விழுந்துது. அவரு எங்க போயி என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது, மைனியப் புடிச்ச பிடியிலயே நான் நிக்கேன், அவ என்னட்டி இது மூச்சு முட்டுது விடுங்கா. மூத்தார் வண்டியப் பாத்தாரு. திரும்பிப் பெட்டியப் பாத்தாரு. மறுபடி வண்டியப் பாத்தாரு. ரெண்டு கையையும் கூப்புனாரு, பெட்டியப் பாத்து. சரிடே குத்தாலம்னாரு, தம்பி பேரச் சொல்லி, சரிடே, கோவம் ஆறிட்டுன்னா சரி. அவரு கொரல் அப்படி ஒடஞ்சு நான் கேட்டதில்ல. படியெறங்கி வெயில்ல செருப்பில்லாமப் போயி, வண்டிக் கதவத் தொறந்து, எறங்கு தாயி, ஒங்கப்பன் கூப்பிடுதான்னாரு.

சியாமளா உள்ள வந்தா. பெட்டிப் பக்கம் போகல, நேரா என்கிட்ட ஓடி வந்தா, நாலு வருசம் கழிச்சு. நான் கைய நீட்டி அவ தோளப் புடிச்சுத் தள்ளி நிப்பாட்டிட்டேன். இவ்வளவு நேரம் தள்ளிப் பழகுன கையி. சாவி இருக்கு, இப்ப அமுங்குச்சுன்னா, மூத்தார் பக்கத்துல நிக்காரு, எவளாவது ஒருத்தி பாத்துருவா. அவ மொகம் அப்படியே வெளிறிப் போச்சு. அம்மா, நீயும் வேண்டாங்கியான்னா. ஐயோ. இழுத்து அணைச்சுக்கிட்டேன். எது வேணும்னாலும் ஆகட்டும்னு இழுத்து அணைச்சுக்கிட்டேன். வேர்வையும் கார் சீட்டு வாசமுமா என் பிள்ளை. வெளிய டுவீக்குன்னுது. ஆவுடை மைனி வாயப் பொத்திக்கிட்டா. மூத்தார் பெட்டிக்குப் பக்கத்துல போயி குனிஞ்சு, போதும்டே, வந்துட்டா, பாத்துக்கோன்னு சொல்லுதாரு. சியாமளா என் தோள்ல இருந்து மொகத்தத் திருப்பி அவியளப் பாக்கா, அழுது அழுது பாக்கா, அப்பாதானாம்மா தொறந்தாங்கன்னு என் காதுக்குள்ள கேக்கா. ஒரு நல்ல வார்த்த சொல்லாமப் போன மனுசன். மகளுக்குக் கதவத் தொறக்க விடாமப் பூட்டுன மனுசன். ஆமாட்டி, அவியதான், ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருந்தாவன்னு சொல்லிட்டேன். அவ விட்டு அழுதா. நான் அவ முதுகத் தடவிக்கிட்டே நின்னேன், கொட்டுச் சத்தம் வாய்க்கால்ல இருந்து திரும்பி வருத வரைக்கும்.